அம்மாவின் பெருவிரலும் கனடாவுக்குப் போன சேமிப்பும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், புரட்டாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பக்கத்து ஊர் வங்கிக் கிளையில் என் அம்மாவின் பத்து விரல்களையும் கைரேகைக் கருவி ஏற்க மறுத்தது. அம்மாவின் கணக்கில்தான் நான் நான்கு ஆண்டுகள் மஸ்கட்டில் வேலை செய்து சேர்த்த பணம் முழுவதும் இருந்தது. ஐப்பசி முடிவதற்குள் அதை என் பெயருக்கு மாற்றி, வங்கியின் சான்றுக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கனடாவில் குடியேற எனக்கு வந்திருந்த அழைப்பு தானாக ரத்தாகிவிடும். செந்தூர் முருகன் அப்போது எனக்கு என்ன செய்தான் என்பதை, அவன் அடியார்களாகிய உங்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் ஊர் முக்கூடலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூர். அப்பா தாமிரபரணிக் கால்வாய்ப் பாசன வயல்களில் கூலி வேலை செய்தார். நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது இறந்துவிட்டார். அம்மா பீடி சுற்றுகிறாள். மடியில் சுளகு எனும் முறத்தை வைத்து, இலையை வெட்டி, புகையிலைத் தூளை வைத்துச் சுற்றி, முனையைப் பெருவிரலால் மடக்குவது அவள் வேலை. நாளொன்றுக்கு எண்ணூறு பீடி, சில நாள் ஆயிரம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். மருத்துவ ஆய்வகப் படிப்பு முடித்து, பாளையங்கோட்டையில் இரண்டு ஆண்டுகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு மஸ்கட் போனேன். இதையெல்லாம் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலை நிமிரத்தான் செய்கிறது. அதை மறைக்கவில்லை. அந்தப் பெருமைதான் என்னை மாட்டவும் வைத்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகும்வரை பெண் பிள்ளையின் சம்பளம் அம்மா கையில்தான் போக வேண்டும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. மஸ்கட்டில் பணம் அனுப்பும் கடைக்காரர் யார் கணக்குக்கு என்று கேட்டபோது, யோசிக்காமல் அம்மா பெயரைச் சொன்னேன். வங்கி வாசலையே மிதித்திராத என் அம்மாவின் பெயரில் பாஸ்புத்தகம், அதில் லட்சக்கணக்கில் பணம். அதைப் பார்க்க எனக்கு ஆசை. வெளிநாட்டில் சம்பாதிப்பவர்கள் தங்கள் பெயரிலேயே அதற்கென்று ஒரு கணக்குத் தொடங்கலாம் என்று என்னோடு வேலை பார்த்த பெண் சொன்னாள். "எனக்கும் எங்கம்மைக்கும் தனித்தனிக் கணக்கு எதுக்கு?" என்று அவளிடம் பெருமையாகக் கேட்டேன். அம்மா அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைத் தொடவில்லை. அவ்வளவையும் வைப்புத்தொகையாகப் போட்டு வைத்துவிட்டு, பீடி சுற்றியே சாப்பிட்டாள்.

மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து, கனடாவுக்கு விண்ணப்பித்தேன். ஆவணிக் கடைசியில் அழைப்பு வந்தது. அறுபது நாள் கெடு. அங்கே போய் வேலை கிடைக்கும்வரை சாப்பிட என்னிடம் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அந்தப் பணம் என் பெயரில் இருக்க வேண்டும். அப்போதுதான் முதன்முதலாக எனக்கு உறைத்தது. என் பெயரில் இருந்தது வெறும் பதினேழாயிரம் ரூபாய்.

அம்மாவை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். மேலாளர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு பெரிய தொகையை முதிர்வுக்கு முன்னால எடுக்கணும்னா கணக்கு வச்சிருக்கவங்க விவரத்தைப் புதுப்பிக்கணும். ஆதார் ரேகை வைக்கச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

அம்மா வலது பெருவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. அந்த வேலையைப் பார்க்கும் பெண், "எம்மா, நல்லா அமுக்குங்க" என்றாள். அம்மா நகம் வெளுக்க அமுக்கினாள். இடது பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "என்ன தாயி, ரேகையெல்லாம் பீடிக் கடையில அடகு வச்சிட்டியா?" என்றார். வரிசையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். எனக்குத்தான் முகம் எரிந்தது.

கைபேசிக்கு எண் அனுப்பிச் சரிபார்க்கலாமா என்று கேட்டேன். ஆதாரில் இருந்தது அப்பாவின் பழைய எண். அது எப்போதோ அணைந்துபோனது. அந்த எண்ணை மாற்றவும் ரேகை வேண்டும். காகித வழி ஒன்று உண்டு என்றார் மேலாளர். மருத்துவர் சான்று, இரண்டு சாட்சிகள், மண்டல அலுவலகத்தின் அனுமதி. "ஆறு வாரத்துக்குக் குறையாதும்மா. கூடவும் ஆகலாம்." எனக்கு ஆறு வாரம் இல்லை. இருந்தாலும் எழுதிக் கொடுத்தேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அம்மா கணக்கிலிருந்து திடீரென்று இவ்வளவு பணம் என் கணக்குக்கு வந்தால் கனடாக்காரர்கள் எப்படி வந்தது என்று கேட்பார்கள், அதனால் அம்மா எனக்குத் தந்த கொடை என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார்.

"சார், அது என் சம்பளம்."

"இருக்கலாம்மா. இப்போ அது அவங்க பணம்."

பேருந்து நிறுத்தத்தில் நின்று என் அம்மாவிடம் நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "பேரு எழுதப் படின்னு எத்தன தடவ சொன்னேன்? உன் கைநாட்டுதான் என்னைய இங்கனயே கட்டிப் போட்டிருக்கு." கையெழுத்துப் போடத் தெரிந்திருந்தாலும் அந்தக் கருவி ரேகையைத்தான் கேட்டிருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

அம்மா, "பஸ்ஸு வருது. ஏறு" என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று முறை வங்கிக்குப் போனோம். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிப் பார்த்தோம். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம். ஆதார் மையத்துக்குப் போய்ப் புதிதாக ரேகை பதியப் பார்த்தோம். அங்கே இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "பதியறதுக்கு விரல்ல ஏதாவது இருக்கணும்லா" என்றார். தினமும் மாலையில் நான் விளக்கேற்றி, மண்டல அலுவலகத்திலிருந்து கடிதம் வர வேண்டும் என்று கும்பிட்டேன். வரவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் தெருப் பெண்கள் "கனடாக்காரி" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அது முள்ளாகக் குத்தியது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா, "கந்தசஷ்டிக்குச் செந்தூர்ல போய்க் கெடக்கப் போறேன். ஆறு நாளும். நேந்துக்கிட்டேன்" என்றாள்.

"எம்மா, கெடு தெரியுமா ஒனக்கு? இப்ப போயா?"

"நீ இங்கன இருந்து என்னத்தச் செய்யப் போற? பாங்குல போய் நின்னுக்கிட்டு அந்தப் பிள்ள மூஞ்சியப் பாப்ப. அதுக்கு முருகன் மூஞ்சியப் பாக்கலாம்."

முப்பது ஆண்டுகளில் அம்மா சேர்ந்தாற்போல ஆறு நாள் வேலைக்கு விடுப்பு எடுத்ததே இல்லை. அப்பா இறந்தபோதுகூட ஐந்தாம் நாள் சுளகை மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வீடாக இலையும் தூளும் தந்து பீடி வாங்கிப் போகும் பீடிக் கடை ஏஜென்ட் சத்தம் போட்டார். "ஆறு நாளு இல்லன்னா ஒன் இலைய வேற ஆளுக்குக் குடுத்திருவேன், பாத்துக்க" என்றார். "குடுங்க அண்ணாச்சி. முருகன் கணக்குல எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். தனியாக விட மனமில்லாமல் நானும் கிளம்பினேன். பக்தியால் போகவில்லை. இதையும் உண்மையாகவே சொல்லிவிடுகிறேன்.

சஷ்டி விரதம் இருப்பவர்களுக்காகக் கோயில் வளாகத்தில் போட்டிருக்கும் கொட்டகையில் பாய் விரித்து இடம் பிடித்தோம். காலையில் கடலில் குளியல், பிறகு நாழிக்கிணற்றுத் தண்ணீர், பிறகு தரிசனம். மாலையில் மட்டும் கொஞ்சம் பாலும் பழமும். மற்ற நேரமெல்லாம் பாட்டும் பேச்சும். பக்கத்துப் பாயில் நாங்குநேரியிலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தார். பதினாலு ஆண்டாக வருகிறவர். முதல் நாள் மத்தியானம் அவர் என்னை இடித்தார்.

"ஏளா, உங்கம்மை என்ன செய்யுதான்னு பாரு."

பார்த்தேன். அம்மா சுவரில் சாய்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கைகள் மட்டும் முந்தானை நுனியை எடுத்து, சுருட்டி, பெருவிரலால் மடக்கி, விட்டுவிட்டு, மறுபடி எடுத்தன.

"முந்தானையில பீடி சுத்துதா! எக்கா, போதும், நிறுத்துங்க. சந்நிதியில முருகன் இருமிறப் போறான்!"

அம்மா வெட்கப்பட்டுக் கைகளைத் தொடைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அந்த அக்கா ஒவ்வொரு முறையும் "இருமல், இருமல்" என்று குரல் கொடுப்பார். நான்காம் நாள்தான் அம்மாவின் கை சும்மா இருக்கப் பழகியது.

அதற்கு முந்திய நாள், மூன்றாம் நாள் காலையில் கடலில் நின்றபோது, அம்மா உப்புத் தண்ணீரிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எரிகிறது என்றாள். நான் அந்தக் கையை வாங்கித் திருப்பினேன். ரத்தம் எடுப்பதற்காக ஆயிரக்கணக்கான விரல்களைப் பிடித்தவள் நான். விரலைத் தொட்டதுமே குத்த எளிதா கடினமா என்று சொல்லிவிடுவேன். அம்மாவின் விரலை அன்றுதான் திருப்பிப் பார்த்தேன். பெருவிரல் நுனி தேய்ந்து வழவழப்பாக இருந்தது. ஒரு கோடும் இல்லை. கத்தரி பட்ட வெட்டுகளில் புகையிலையின் பழுப்பு ஏறியிருந்தது. நான் பிறப்பதற்கு முன்னிருந்தே அந்த விரல் பீடி முனையை மடக்குகிறது. நான் படித்த ஒவ்வொரு வகுப்புக்கும் அதிலிருந்து கொஞ்சம் போயிருக்கிறது. வங்கிக் கருவி தேடியது எதுவோ, அது என் புத்தகங்களாகவும் சீருடையாகவும் விடுதிக் கட்டணமாகவும் மாறிவிட்டது.

"இதுல என்னட்டி பாக்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லன்னுதான் மெசினும் சொல்லுச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலை அடித்ததால் நான் அழுதது அவளுக்குத் தெரியவில்லை. அல்லது தெரியாததுபோல் இருந்தாள்.

அன்றோடு நான் வேண்டுவது மாறியது. மண்டல அலுவலகத்தைப் பற்றி முருகனிடம் பேசுவதை விட்டுவிட்டேன். ஆறாம் நாள் சூரசம்ஹாரம். கடற்கரை முழுதும் தலைகள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். சூரனின் தலை விழுந்து கூட்டம் ஆர்ப்பரித்தபோது நான் கேட்டது இதுதான்: "முருகா, நான் போறேனோ இல்லையோ, அது உன் இஷ்டம். இந்தக் கைக்கு வலி இருக்கக் கூடாது. அந்தப் பஸ் ஸ்டாப்புல நான் பேசினத மன்னிச்சிரு." இவ்வளவுதான் கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அழைப்பு ரத்தானால் பாளையங்கோட்டையில் பழைய வேலைக்கே போய்விடலாம் என்று கடற்கரையிலேயே முடிவு செய்தேன். அன்று மாலை பல வாரங்களுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

மறுநாள் திருக்கல்யாணம் பார்த்துவிட்டு ஊர் திரும்பினோம். ஏஜென்ட் சொன்னபடியே அம்மாவின் இலையை வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தார். அடுத்த வாரம்தான் தருவேன் என்றார். அம்மா வீட்டில் கை வைக்க ஒன்றும் இல்லாமல் அங்குமிங்கும் நடந்தாள். நான் அவள் கைக்கு எண்ணெய் தடவிவிட்டேன். அப்படி மொத்தம் பன்னிரண்டு நாள் அந்தக் கை இலையையும் கத்தரியையும் தொடவில்லை.

திங்கட்கிழமை வங்கிக்குப் போனோம். கெடு முடிய இரண்டு வாரம்கூட இல்லை. கடிதம் எதுவும் வரவில்லை என்று தெரிந்துகொண்டு, விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கி வரலாம் என்றுதான் போனேன். மேலாளர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ஆதார் வேலை பார்க்கும் பெண் எங்களைப் பார்த்ததும் பரிதாபமாகச் சிரித்தாள்.

"வந்ததுக்கு ஒரு தடவ வச்சுப் பாத்துட்டுப் போங்கம்மா" என்றாள்.

அம்மா பெருவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

அந்தப் பெண் திரையில் வந்ததை அழித்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். பச்சை. இன்னொரு விரல். பச்சை. அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"எம்மா! என்ன பண்ணுனீங்க? என்ன மருந்து போட்டீங்க?"

"மருந்தா? செந்தூர்ல ஆறு நாளு சும்மா கெடந்தேன். வந்த பெறகு இலையும் வரல. அதான்" என்றாள் அம்மா.

மேலாளர் வந்து பார்த்தார். ரேகை தேய்ந்துதான் போகும், அழியாது, கைக்கு ஓய்வு கொடுத்தால் தோல் வளர்ந்து கோடுகள் மேலே வரும் என்று விளக்கினார். கட்டட வேலை செய்கிறவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறாராம். "இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அறிவியல் படித்தவள் நான். தோல் எப்படி வளரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் முப்பது ஆண்டாக யாராலும் அந்தக் கைக்கு வாங்கித் தர முடியாத ஓய்வை யார் வாங்கித் தந்தது? நான் சொல்லி அவள் கேட்டிருப்பாளா? மருத்துவர் சொன்னால் கேட்டிருப்பாளா? அவன் கூப்பிட்டான், போனாள். அந்தக் கைக்கு வலி வேண்டாம் என்று மட்டும்தான் நான் கடற்கரையில் கேட்டேன். நான் கேட்காததையும் அவன் அதோடு சேர்த்துக் கொடுத்தான்.

அன்றே வைப்புத்தொகையை முடித்தோம். கொடைக் கடிதத்தை மேலாளரின் மேசையிலேயே நான் எழுதினேன். அம்மா, "என்னத்த எழுதியிருக்க? வாசி" என்றாள். வாசித்தேன். இந்தப் பணத்தை என் மகளுக்கு மனமுவந்து தருகிறேன், இதைத் திரும்பக் கேட்க மாட்டேன் என்று இருந்தது. முதல் தடவை கேட்டபோது கோபம் வந்த அதே வார்த்தைகள். இப்போது வாசிக்கும்போது, ஒரு வரிகூடப் பொய் இல்லை என்று தோன்றியது.

"திருப்பிக் கேக்க மாட்டேன், சரி. செந்தூருக்கு பஸ்ஸுக்காசு மட்டும் கேப்பேன்னு சேத்து எழுது" என்றாள் அம்மா. மேலாளர் சத்தமாகச் சிரித்தார். அம்மா கைநாட்டு வைத்தாள். தாளில் மை கோடு கோடாகத் தெரிந்தது. நான் அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வங்கிச் சான்றும் கொடைக் கடிதமும் கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆனியில் அனுமதி வந்தது. கனடா கேட்ட தொகைக்கு மேலே இருந்ததை அம்மா கணக்கிலேயே விட்டுவிட்டு, மீதியைத் திருநெல்வேலிக் கிளையிலிருந்து அங்கே என் பெயரில் தொடங்கிய கணக்குக்கு அனுப்பினேன். எதற்காக அனுப்புகிறேன் என்று படிவத்தில் குடியேற்றம் என்று எழுதினேன். ஊரில் கழிந்த பணம் அங்கே போய்ச் சேர நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் அது எங்கே இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பழைய நானாக இருந்தால் மணிக்கொரு முறை வங்கிக்குத் தொலைபேசி அடித்திருப்பேன். ஒரு முறைதான் கேட்டேன். ஐந்தாம் நாள் காலையில் வந்திருந்தது.

இப்போது நான் கனடாவில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அம்மா பீடி சுற்றுவதை முழுதாக விடவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் என்று குறைத்திருக்கிறாள். மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். இப்போது தனித்தனியாக இரண்டு கணக்கு இருக்கிறது. ஆதாரில் அம்மாவின் சொந்தக் கைபேசி எண் ஏறியிருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் தங்கைகளும் தம்பிகளும் இந்த இரண்டையும் இன்றே செய்துவிடுங்கள். முருகன் துணை நிற்பான். ஆனால் படிவத்தை நாம்தான் நிரப்ப வேண்டும்.

போன ஐப்பசியில் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அம்மா செந்தூருக்குப் போனாள். அவளோடு எங்கள் தெருவிலிருந்து பீடி சுற்றும் பெண்கள் ஒன்பது பேர் போனார்கள். அவர்களில் ஒருத்திக்கு ரேஷன் கடையில் ரேகை விழாமல் மூன்று மாதமாக அரிசி இல்லை. ஒருத்திக்கு விதவை உதவித்தொகை நின்று போயிருந்தது. மற்றவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை, ஓய்வு எடுக்கத்தான் போனார்கள். ஏஜென்ட் ஒன்பது வீட்டு வாசலிலும் நின்று கத்தியிருக்கிறார். திரும்பி வந்த இரண்டாம் வாரம், ரேஷன் கடையில் அரிசி வாங்கியதும் அந்தப் பெண் அங்கிருந்தே என்னைக் கைபேசியில் கூப்பிட்டு, "கனடாக்காரி, ரேகை விழுந்துட்டுட்டி!" என்று கத்தினாள்.

உங்கள் வீட்டிலும் தேய்ந்த கையோடு ஒரு அம்மா இருந்தால், உங்கள் கவலையை ஆறு நாள் தள்ளி வைத்துவிட்டு அவளைச் செந்தூருக்கு அழைத்துப் போங்கள். அவன் என்ன தருவான் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தந்ததை மட்டும் சொல்லிவிட்டேன். வரும் ஐப்பசிக்கு நான் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொட்டகையில் அம்மா பக்கத்தில் இருப்பேன். இடம் இருக்கும், வாருங்கள்.